சகோதரர்களைப் பறித்த நோய்... மருந்து தேடிப் புறப்பட்ட மெட்ராஸ் மாணவர்! - டாக்டர் சுப்பாராவின் கதை

உங்க வீட்டு மருந்து டப்பாவில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் நிச்சயம் நாலைந்து கிடக்கும். அதுல ஏதாவது ஒண்ணோட பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடுதான்னு பாருங்க. டாக்டர் சொல்லாம இதைத் தொடாதே என்பதற்கான அடையாளம் அது. ஆன்டிபயாடிக் மாத்திரைகளை இஷ்டத்துக்கு வாங்கிச் சாப்பிடக் கூடாதுன்னு மத்திய அரசு 2016-ல் இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி ஒரு பிரசாரமே நடத்தியது.

அந்த அட்டையில் டாக்ஸிசைக்ளின் என்று எழுதியிருந்தா, கொஞ்சம் நில்லுங்க. முகப்பருவுக்கோ, காய்ச்சலுக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த மாத்திரையின் பூர்வீகத்தைத் தேடிப்போனா, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர்கிட்ட போய் நிற்பீங்க. பெயர், எல்லப்பிரகட சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்கக் கிளம்பிய பையன்

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர் சுப்பாராவ். இன்றைக்கு அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. அப்பாவுக்கு வருவாய்த் துறையில் சின்ன வேலை. வீட்டில் பிள்ளைகள் அதிகம், பணம் குறைவு. படிப்பில் மனசு ஒட்டவில்லை. பதின்மூன்று வயசு வாக்கில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டைவிட்டே கிளம்பிவிட்டார். அம்மா வெங்கம்மா விடவில்லை. ஆள் அனுப்பிப் பிடித்து வந்து, மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டார். மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். அதன் பிறகு மாநிலக் கல்லூரி. நடுவில் சந்நியாசியாகிவிடலாம் என்றும் ஓர் ஆசை வந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. சேவை செய்யணும்னா மருத்துவம் படிக்கலாமே என்று மனசை மாற்றிக்கொண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் உடைக்குக் கிடைத்த தண்டனை

அது காந்தியின் அழைப்பை ஏற்று இளைஞர்கள் அந்நியத் துணிகளைத் தூக்கி எறிந்த காலம். சுப்பாராவ் கதர் உடுத்திக்கொண்டு அறுவைசிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, தேர்வெல்லாம் எழுதியும் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழைத்தான் கையில் கொடுத்தார்கள். அரசு மருத்துவ வேலையில் சேரப் பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக் கொடுக்கப் போனார்.

அந்தக் காலகட்டத்தில்தான் வீட்டில் பெரிய இடி விழுந்தது. சகோதரர்கள் இருவர், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம், 'ட்ராபிக்கல் ஸ்ப்ரூ' என்ற குடல் நோய். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு மாதக்கணக்கில் நீளும். ரத்தம் குறையும், நாக்கு புண்ணாகும், ஆள் துரும்பாக இளைத்துப்போவார். எதனால் வருகிறது என்றும் அன்றைக்குத் தெரியாது, மருந்தும் கிடையாது. அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் அவர் மட்டும் பிழைத்துக்கொண்டார்.

பிழைத்தவருக்கு ஒரே யோசனைதான். இந்த நோய்க்கு என்ன பதில்? அதைத் தேடணும்னா வெளிநாட்டுக்குப் போய் ஆராய்ச்சி படிக்கணும். அமெரிக்காவின் ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்களுக்கான படிப்பு இருந்தது. மாமனார் பண உதவி செய்தார். காக்கிநாடாவைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையும் கைகொடுத்தது. கர்ப்பிணி மனைவி சேஷகிரியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். சில வருஷத்தில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். ஆனா, அவர் திரும்பவே இல்லை. ஊரில் பிறந்த மகன் குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனான். அப்பா அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

பகலில் படிப்பு, இரவில் வார்டு வேலை

இந்தியாவில் வாங்கிய சான்றிதழை வைத்து அமெரிக்காவில் டாக்டர் வேலை பார்க்க முடியவில்லை. வயிறு இருக்கிறதே! பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இரவு நேர வார்டு உதவியாளர் வேலைக்குப் போனார். நோயாளிகளின் மலஜலம் அள்ளி, பாத்திரம் கழுவும் வேலை. பகலில் ஹார்வர்டில் வகுப்பு.

அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை 1925-ல் உருவாக்கினார். உயிர்வேதியியல் படிக்கிறவங்க யாராவது உங்க நட்பு வட்டத்தில் இருந்தா கேட்டுப்பாருங்க, 'ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை'ன்னு உடனே சொல்வாங்க. அடுத்து, நம் தசைகள் சுருங்கி விரியச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளைத் தசையிலிருந்து பிரித்தெடுத்ததிலும் இந்த ஜோடிக்கு முக்கியப் பங்கு உண்டு. பிளஸ் டூ உயிரியலில் நீங்க மனப்பாடம் செய்த அதே ஏ.டி.பி.தான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அவருடைய சில கண்டுபிடிப்புகளை ஃபிஸ்கே வெளிவர விடவில்லை, அவற்றை வேறு ஆட்கள் பிறகு மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று, அதே ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் பின்னாளில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். இந்த ஹிட்ச்சிங்ஸ் 1988-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

மண்ணுக்குள் கிடைத்த தங்கம்

1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார் சுப்பாராவ். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். அடுத்த எட்டே வருஷத்தில் அவர் நடத்திய குழுக்கள் கொடுத்த மருந்துகளின் பட்டியலைப் பாருங்க.

1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். இன்று கர்ப்பிணிகள் அத்தனை பேருக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிற மாத்திரை. 1947-ல் யானைக்கால் நோய்ப் புழுவுக்கு எதிரான டை எத்தில் கார்பமசின் வந்தது. நம் ஊர்களில் சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அதே மாத்திரை. ஃபோலிக் அமிலத்துக்குப் போட்டியாக வடிவமைத்த அமினோப்டெரின், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் பயன்பட்டது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. இன்றைய கீமோதெரபியின் முதல் படிகளில் அது ஒன்று.

அதே சமயம் இன்னொரு வேலையும் நடந்தது. பென்சிலின் வந்துவிட்டது, ஆனா அது எல்லா பாக்டீரியாவையும் தொடாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்துவிட்டது, அது காசநோயைப் பிடித்தது, கூடவே சிலருக்குக் காது கேட்கும் திறனைப் பறித்தது. வேற மருந்து வேணும். லெடர்லேயில் எழுபது வயசைக் கடந்த தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர் பல ஊர்களிலிருந்து மண் வரவழைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். மிசூரி பல்கலைக்கழக வயலின் மண்ணில், தங்க மஞ்சள் நிறத்தில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த பொருளுக்கு 'ஆரியோமைசின்' என்று பெயர். லத்தீனில் தங்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுதான். டக்கரின் அந்தத் தேடலுக்கு ஆளும் ஆய்வகமும் கொடுத்து, மருந்தாக வெளிவரும்வரை வழிநடத்தியவர் சுப்பாராவ். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் டாக்டர் லூயிஸ் ரைட் முதன்முதலாக அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

பின்னாளில் இந்தக் குடும்பத்தில் பிறந்த தம்பிதான் உங்க டாக்ஸிசைக்ளின். 1994-ல் சூரத்தில் பிளேக் பயம் பரவியபோது ஜனங்கள் மருந்துக் கடைகளில் அள்ளிக்கொண்டு போனதும் டெட்ராசைக்ளினைத்தான்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒண்ணு இல்லீங்க!

இங்கேதான் நாம கொஞ்சம் உஷாராகணும். 'ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்க' என்று கடையில் கேட்கிறோமே, அப்படி ஒரு பொது மாத்திரை கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் கிருமியை ஒவ்வொரு இடத்தில் அடிக்கும், நம்மையும் ஒவ்வொரு இடத்தில் சீண்டும்.

பென்சிலின் குடும்பம் (அமாக்சிசிலின் போன்றவை): பாக்டீரியாவின் வெளிச்சுவரை உடைக்கும். சிலருக்குக் கடுமையான அலர்ஜி வரலாம். முன்பு வந்திருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும்.

அமினோகிளைகோசைடு குடும்பம் (ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின்): பெரும்பாலும் ஊசி. காதையும் சிறுநீரகத்தையும் கவனிக்கணும்.

மேக்ரோலைடு குடும்பம் (அசித்ரோமைசின்): வயிற்றைப் புரட்டலாம். அபூர்வமாகச் சிலருக்கு இதயத் துடிப்பின் சீர் மாறலாம்.

ஃப்ளோரோகுயினோலோன் குடும்பம் (சிப்ரோஃப்ளாக்சசின்): தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களில் வலியோ கிழிசலோ வர வாய்ப்பு உண்டு.

டெட்ராசைக்ளின் குடும்பம் (டாக்ஸிசைக்ளின்): பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கவிடாம தடுக்கும். ஸ்க்ரப் டைஃபஸ், எலிக்காய்ச்சல், காலரா, முகப்பரு என்று பயன்பாடு நீளம். ஆனா, வெயில் பட்டா தோல் சீக்கிரம் சிவந்து எரியும். வளரும் பற்களில் நிரந்தரக் கறை படியலாம் என்பதால் எட்டு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடும், நெஞ்செரிச்சல் மருந்தோடும் சேர்த்துப் போட்டா வேலை செய்யாது. ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடிக்கணும், போட்டவுடனே படுக்கக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டா அங்கேயே புண்ணாக்கிவிடும்.

இன்னொண்ணு. சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸ் சமாச்சாரம். மேலே சொன்ன எந்தக் குடும்பத்துக்கும் அங்கே வேலையே இல்லை. தேவையில்லாம போடப்போட, உயிர் பிழைக்கிற பாக்டீரியாக்கள் மருந்துக்கு மசியாமல் போகும். 2019-ல் மட்டும் இப்படி மருந்துக்கு மசியாத கிருமிகள் நேரடிக் காரணமாகி உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கிடைத்த பதில்

1948 ஆகஸ்ட். ஆரியோமைசின் உலகத்துக்குத் தெரிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து சுப்பாராவ் இறந்துபோனார். வயசு 53. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்த நாட்டுக் குடிமகனாக மாறாமலேயே போய்ச் சேர்ந்தார். காப்புரிமையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை, பத்திரிகைகளைத் தேடிப் போகவில்லை. கூட வேலை செய்தவர்களை மேடையேற்றிவிட்டுத் தான் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அவருடைய நூற்றாண்டான 1995-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

சரி, அவர் கப்பல் ஏறக் காரணமாக இருந்த அந்த ஸ்ப்ரூ நோய் என்ன ஆச்சு? இன்றைக்கு அது உயிரைப் பறிக்கிற மர்ம நோய் இல்லை. டாக்டர்கள் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துச் சில மாதங்கள் கொடுக்கிறார்கள், ஆள் எழுந்து நடமாடிவிடுகிறார். ஒன்று, ஃபோலிக் அமிலம். இன்னொன்று, டெட்ராசைக்ளின். இரண்டுமே சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆய்வகத்திலிருந்து கிளம்பியவை. பீமாவரத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்துகள், ஏறத்தாழ முப்பது வருஷம் தாமதமாக வந்தன.

அந்த மருந்துகள் நம்ம காலத்திலும், நமக்குப் பிறகு வர்றவங்க காலத்திலும் வேலை செய்யணும்னா, செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம்தான். டாக்டர் எழுதினா மட்டும் வாங்குங்க. எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் போடுங்க. மிச்சமிருந்தா ஃப்ரெண்டுக்குத் தூக்கிக் கொடுத்துடாதீங்க!