ச. வெ. இராமன்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 - நவம்பர் 21, 1970) ஒளிச்சிதறல் பற்றிய ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்ற தமிழ்நாட்டு இயற்பியல் அறிஞர் ஆவார். சி. வி. இராமன் என்றே பரவலாக அறியப்படுகிறார். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி தன் அலைநீளத்தில் மாறுபட்டு வெளிவருகிறது என இவர் கண்டறிந்தார். இராமன் விளைவு எனப்படும் இக்கண்டுபிடிப்புக்காக 1930 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

இளமை

இராமன் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் பணியேற்றதால் இராமனின் பள்ளிப் படிப்பு அங்கே நடந்தது. பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904இல் இளங்கலைப் பட்டமும் 1907இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1906இல், இவரது முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாக விழுந்து திரும்பும் ஒளி, சமச்சீரற்ற பட்டைகளாகத் தோன்றுவதை அதில் ஆராய்ந்திருந்தார்.

கல்கத்தாவில்

அக்காலத்தில் அறிவியல் ஆய்வை நம்பி வாழ இந்தியாவில் வழி அரிது. எனவே 1907இல் அரசின் நிதித்துறைத் தேர்வில் வென்று கல்கத்தாவில் பணியில் அமர்ந்தார். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் உயர் ஊதியம் தந்த அரசுப் பதவியைத் துறந்து, அதைவிடக் குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது நடுநிலக்கடலின் நீலம் இவர் கருத்தை ஈர்த்தது. கடல் வெறுமனே வானத்தை எதிரொளிக்கிறது என்ற விளக்கத்தை இவர் ஏற்கவில்லை. நிக்கல் பட்டகம் ஒன்றின் வழியே பார்த்து, பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை நீக்கியபின்பும் நீலம் எஞ்சியிருப்பதைக் கண்டார். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது இவரது முடிவு.

இராமன் விளைவு

இந்தத் தேடல் பிப்ரவரி 28, 1928 அன்று நிறைவெய்தியது. கா. சீ. கிருஷ்ணனுடன் சேர்ந்து செய்த இச்சோதனைக்கு எளிய கருவிகளே பயன்பட்டன. நீர்மத்தின் மீது ஒரு நிற வடிகட்டி வழியாக ஒளியைச் செலுத்தி, அந்நிறத்தை முற்றிலும் தடுக்கும் மற்றொரு வடிகட்டி வழியாகச் சிதறல் ஒளியைப் பார்த்தனர். மாறாத ஒளி தடுக்கப்பட்டது; ஆயினும் ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அதுவே அலைநீளம் மாறிய ஒளி. அதன் அளவு, விழும் ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கே ஆகும். அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் ஆகியோர் படிகங்களில் இதைக் கண்டிருந்தனர். நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. கிருஷ்ணனுக்கும் கிடைக்கவில்லை.

பெங்களூரில்

1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். கருத்து வேறுபாடுகளால் 1937இல் அப்பொறுப்பிலிருந்து விலகிப் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1948 முதல் தம் பெயரிலமைந்த ஆய்வுக்கழகத்தில் வைரம், முத்து, மலர்களின் நிறம், கண்ணின் பார்வை என ஆராய்ந்து வந்தார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

சீரொளியும் சாலையும்

1960இல் லேசர் எனப்படும் சீரொளி உருவானபின் இராமன் விளைவு ஆய்வு புத்துயிர் பெற்றது. காவல்துறையினர் வாகன வேகத்தை அளக்கும் லேசர் கருவியும், 'ஸ்பீடு கன்', இவ்விளைவால் இயங்குவதாகச் சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. அக்கருவி சுமார் 905 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தை அளக்கிறது. 150 மீட்டர் தொலைவிலுள்ள காரில் பட்டுத் திரும்ப ஒரு மைக்ரோநொடி ஆகும். அடுத்தடுத்த துடிப்புகளில் தொலைவு குறைவதிலிருந்து வேகம் கணிக்கப்படுகிறது. இங்கும் ஒரு வடிகட்டி உண்டு. ஆனால் அது இராமனின் சோதனைக்கு நேர்மாறாக, அலைநீளம் மாறாத ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது.

ஆகவே ஒரு கார் எளிதில் அகப்படுவது, அனுப்பிய ஒளியில் எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. எண்பலகையின் மேலுள்ள நுண்மணிகள் அல்லது நுண்பட்டகங்கள் ஒளியை வந்த வழியே திருப்பிவிடுகின்றன. இந்தியாவில் ஏப்ரல் 2019 முதல் உற்பத்தியான வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்பு எண்பலகைகள் இத்தகையவையே. முகப்பு விளக்கின் குழியாடியும் இவ்வாறே உதவுகிறது. சாய்ந்த முன்கண்ணாடி ஒளியை வேறு திசைக்குத் தள்ளிவிடும். கரிச்சாயம் கலந்த கறுப்புப் பூச்சு பெரும்பகுதியை விழுங்கும். எனினும் கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றும் எல்லாப் பூச்சும் அகச்சிவப்பில் கறுப்பு அல்ல. கறுப்புக் காரும் எண்பலகையாலும் விளக்குகளாலும் அகப்பட்டுவிடும். அளக்கத்தக்க தொலைவுதான் சற்றுக் குறையும். மூடுபனியிலும் கனமழையிலும் நீர்த்துளிகளே ஒளியைச் சிதறடிப்பதால் எந்த நிறக் காராயினும் அளப்பது கடினம்.

மறைவு

இராமன் நவம்பர் 21, 1970 அன்று பெங்களூரில் காலமானார். அவரது விருப்பப்படி ஆய்வுக்கழகத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. பிப்ரவரி 28 ஆம் நாள் 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.