சேர்வராயன் மலையடியில் ஒரு கலைப்புரவலர்

கல்வி கற்பித்தல் ஓர் அறம். கற்றவன் தான் கற்ற கலையால் வாழத் தலைப்படுங்காறும் அவனைத் தாங்கி நிற்றல் மற்றோர் அறம். இவ்விரண்டனுள் முன்னதை நம்மவர் நன்கறிவர். ஏழைச் சிறுவனுக்குப் புத்தகம் வாங்கித் தருவாரும், கல்லூரிச் சம்பளம் கட்டுவாரும் ஊர்தோறும் உளர். பின்னதை நினைப்பார் மிகச் சிலரே. இசையோ ஓவியமோ கூத்தோ முறையாகப் பயின்று தேறி வெளிப்போந்த இளைஞனை, நம் கடமை முடிந்தது என்று விட்டுவிடுதலே பெருவழக்காயிற்று. அவ்விளைஞன் இரண்டொரு ஆண்டு அலைந்து திரிகின்றான்; பின்னர்ப் பசி பொறாது ஒரு கடையிற் கணக்கெழுதப் புகுகின்றான். பத்தாண்டுப் பயிற்சி ஒரு நாளிற் பாழாகின்றது. இக்குறையைத் தம் வாழ்நாளில் தம்மால் இயன்ற அளவு தீர்த்து வைத்தவர் ஒருவர் நம் சேலத்து மண்ணில் வாழ்ந்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிலையத்தை நிறுவிய திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் அவர்களே அவர். டி. ஆர். சுந்தரம் என்பது நாடறிந்த பெயர். அன்னார் வரலாற்றை யாம் ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம்.

சேலம் நகரின் வடகீழ்ப்பால் ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏற்காடு. இம்மலையைச் சூழ்ந்த நாடு கொடைக்குப் பேர்பெற்ற பழைய நாடு. வடமேற்கே தகடூரில் அதியமான் இருந்தான். தெற்கே கொல்லி மலையில் வல்வில் ஓரி இருந்தான். இவ்விருவரும் கடையெழு வள்ளல்களுள் வைத்து எண்ணப்படுவோர். பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் வறுமையுற்ற காலத்து இவர்தம் வாயிலை நாடி வந்தனர். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனை இன்னாரிடம் செல்க என்று நெறிப்படுத்துதலை ஆற்றுப்படை என்று நம் முன்னோர் தனித்துறையாகவே வகுத்தனர். கலைஞன் ஒருவனுக்கு மற்றொரு கலைஞனே வழிகாட்டி என்பது அத்துறையின் உட்பொருள். இதனை நேயர்கள் நினைவிற் கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

சுந்தரம் அவர்கள் 1907 ஆம் ஆண்டு திருச்செங்கோட்டில், துணி வணிகத்திற் சிறந்த செல்வக் குடும்பத்திற் பிறந்தார். குடும்பத் தொழிலுக்கு ஏற்ப ஆங்கில நாட்டின் லீட்ஸ் நகர் சென்று நெசவுத் தொழிற்கல்வி பயின்று மீண்டார். அத்தொழிலிலேயே நின்றிருப்பின் பெருஞ்செல்வராய் விளங்கியிருப்பார். அவர் பெயரை நாடு அறிந்திராது. அக்காலத்துப் பேசும்படம் புதியதோர் கலையாய்த் தலையெடுத்து வந்தது. சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து அதன் நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொண்டார்.

அந்நாளில் தமிழ்ப் படம் எடுப்போர் பலர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் செல்ல வேண்டியவராயிருந்தனர். நடிகரும் பாடகரும் மூட்டை கட்டிக்கொண்டு மொழி தெரியாத ஊர்களில் மாதக்கணக்கில் தங்கி, படம் முடிந்ததும் வெறுங்கையராய் ஊர் திரும்புவர். அடுத்த படம் எப்போது, எவர் அழைப்பார் என்பதை ஒருவரும் அறியார். இந்நிலையைக் கண்ட சுந்தரம் அவர்கள் 1935 ஆம் ஆண்டையொட்டி, சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மலையடிவாரத்தே தமக்கெனப் படநிலையம் ஒன்றைத் தோற்றுவித்தார். படப்பிடிப்புக் கூடம், ஒலிப்பதிவுக் கருவிகள், படச்சுருள் கழுவும் சாலை முதலியன யாவும் ஒரே வளாகத்துள் அமைந்தன. சதி அகல்யா என்னும் முதற்படம் 1937 இல் வெளிவந்தது. மலையாள மொழியின் முதற்பேசும்படமாகிய பாலன் 1938 இல் இந்நிறுவனத்தாரால் எடுக்கப்பெற்றது. தமிழில் முழுநீள வண்ணப்படம் முதன்முதல் எடுத்தவரும் இவரே; 1956 இல் வெளிவந்த அலிபாபாவும் நாற்பது திருடர்களும் என்பது அப்படம். இந்நிறுவனத்தார் எடுத்த படங்கள் பன்மொழிகளிலுமாக நூற்றுக்கு மேற்பட்டன.

படங்களின் எண்ணிக்கையைக் கூறுதல் எம் நோக்கமன்று. அங்கு வழங்கிய முறை ஒன்றே எம் கருத்தைக் கவர்வது. நடிகர், கவிஞர், உரையாடல் எழுதுவோர், இசையமைப்போர், தொழில்நுட்பக் கலைஞர் ஆகியோர்க்குச் சுந்தரம் அவர்கள் மாதந்தோறும் சம்பளம் அளித்து நிலையத்திலேயே வைத்துக்கொண்டார். அரசாங்க உத்தியோகஸ்தன் முதல் தேதியை எதிர்நோக்குவது போலக் கவிஞனும் எதிர்நோக்கலாம் என்பது அக்காலத்துப் புதுமை. மாதம் பிறந்தால் அரிசிக்கு வழியுண்டு என்ற உறுதி பெற்றவனுக்கே, எழுதியதை அடித்துத் திருத்தி மீண்டும் எழுதும் பொறுமை வாய்க்கும். நாளை என்னாகும் என்று நடுங்குபவன் முதலில் வந்ததையே முடிந்ததாகக் கொடுத்துவிடுவான்.

அந்நாளைக் கூத்துக் கலைக்குக் கல்லூரியாய் இருந்தவை பாய்ஸ் கம்பெனிகள். அவற்றுட் சேர்ந்த சிறுவர் பாட்டும் நடிப்பும் சிலம்பமும் கடுமையாகப் பயின்றனர். ஆயினும் பருவம் மாறிக் குரல் உடைந்தபின் அவருட் பலர் ஆதரவின்றி நின்றனர். அங்ஙனம் பயின்ற புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா படங்களிற் புகுந்தும் வாய்ப்புக் குன்றியமையால் மனமுடைந்து, துறவு நெறியை நாடி ஒதுங்கியிருந்தார். அவரை அழைத்து 1940 இல் உத்தம புத்திரன் என்னும் படத்தில் இரு வேடம் கொடுத்தவர் சுந்தரம் அவர்கள். அப்படத்தால் சின்னப்பா தென்னாடு முழுதும் புகழ்பெற்றார். அடுத்து 1942 இல், பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்களின் மனோன்மணீய நாடகத்தைத் தழுவிய மனோன்மணி படத்திலும் அவரே தலைமை வேடம் தாங்கினார். நவாப் இராஜமாணிக்கம் அவர்களின் நாடகக் குழுவிற் பயின்ற எம். என். நம்பியாருக்கு 1950 இல் திகம்பர சாமியார் படத்தில் பல வேடம் புனையும் தலைமைப் பாத்திரத்தை நம்பி அளித்தவரும் இவரே.

இனிப் புலவர் பக்கம் திரும்புவோம். குடந்தையில் நாடக சபைக்குப் பாட்டெழுதி வந்த மருதகாசி, 1949 இல் வெளிவந்த மாயாவதி படத்திற்குப் பாட்டெழுத அழைக்கப்பெற்றார். அவரைப்போலவே கா. மு. ஷெரீப் என்னும் கவிஞரும் அந்நிலையத்தில் இடம் பெற்றார். இந்த ஷெரீப் அவர்கள் தாம் பெற்ற நிழலைத் தமக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. முன்னரே சில படங்களுக்கு எழுதியும் நிலைபெறாது திருவாரூர் திரும்பியிருந்த மு. கருணாநிதி என்னும் இளைஞரைப்பற்றிச் சுந்தரம் அவர்களிடம் எடுத்துரைத்து, சேலத்துக்கு வரச்செய்தவர் அவரே. யாம் மேலே கூறிய ஆற்றுப்படை இருபதாம் நூற்றாண்டிலும் நிகழ்ந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? அதன் பயனாய் 1950 இல் மந்திரி குமாரி வெளிவந்தது. அப்போது கருணாநிதிக்கு வயது 26 தான். கண்ணதாசனோ அவரினும் இளையவர். நிலையத்தாரின் சண்டமாருதம் இதழில் ஆசிரியப் பொறுப்பேற்று அம்மலையடிக்கு வந்த அவர், 1954 இல் இல்லற ஜோதி படத்திற்குக் கதையும் உரையாடலும் எழுதினார்.

தமிழ் பயின்ற எம் போன்றார்க்கு இன்பந்தரும் செய்தி மற்றொன்றுண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் சில செய்யுட்களன்றி முழுதும் கிடையாது மறைந்தன. குண்டலகேசிக் கதையைத் தழுவியதே மந்திரி குமாரி. வளையாபதிக் கதைக்கு உரையாடல் வரைந்தவர் பாரதிதாசன். அப்படம் 1952 இல் வெளிவந்தது. ஏட்டிற் பெரும்பகுதி அழிந்த இரண்டு காப்பியங்களின் பெயரையும் கதையையும் எழுத்தறியாத உழவனும் அறியுமாறு செய்தது சேர்வராயன் மலையடியில் இருந்த ஒரு நிலையமே.

ஈண்டு ஒரு தடை எழும். சுந்தரம் அவர்கள் இலாபம் கருதிய முதலாளி. சம்பளம் கொடுத்தார், வேலை வாங்கினார். இதனை அறம் என்றல் பொருந்துமோ என்பர் சிலர். இத்தடையை யாம் புறக்கணிக்கமாட்டோம். அவர் கண்டிப்புக்குப் பேர்போனவர்; காலந்தவறி வருவாரைப் பொறுப்பவரல்லர். அவர் கணக்கறிந்த வணிகர் என்பதும் உண்மை. ஆயினும் பெயர்பெற்ற கலைஞனைப் பெரும்பொருள் கொடுத்து அழைத்தல் எந்த வணிகனுக்கும் எளிது. இன்னும் பெயர்பெறாதவனை, தோற்று ஒதுங்கியவனை நம்பி மாதந்தோறும் பொருள் செலவிடுதல் வணிகத் துணிவு மட்டுமன்று. வளர்ந்தபின் அவருட் பலர் சென்னை சென்று பெருவாழ்வு பெற்றனர். நட்டவர் ஒருவர், பழம் உண்டவர் பலர். கொடையின் இலக்கணம் இதில் ஒருபாதியேனும் அடங்கும் என்பது எம் துணிபு.

ஏற்காட்டுத் தோட்டங்களைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் அம்மலைமீது காப்பிச் செடியைக் கொணர்ந்தார் என்ப. காப்பி நாற்று நாற்றங்காலிற் செழித்திருக்கும். அதனைப் பெயர்த்து நட்ட முதலிரண்டு ஆண்டுகளே ஆபத்தான காலம். அப்போது மேலே நிழல்மரம் இல்லையாயின் வெயிலிற் கருகும். நாற்றங்காலுக்குச் செலவிட்டவன் நிழல்மரத்தை மறந்தானாயின் முதற்செலவும் வீணே. கலைஞனுக்குக் கல்லூரி நாற்றங்கால். கல்லூரி விட்ட பின்னைச் சில ஆண்டுகளே வெயிற்காலம்.

சுந்தரம் அவர்கள் 1963 ஆம் ஆண்டு தம் 56 ஆம் வயதில் மறைந்தார். நகைச்சுவை வேடங்களில் நின்ற மனோரமாவைக் கதைத்தலைவியாக்கிய கொஞ்சும் குமரி அவ்வாண்டே வெளிவந்தது. அவர்தம் மைந்தர் சில காலம் நிலையத்தை நடத்தினார். 1982 ஆம் ஆண்டோடு படமெடுத்தல் நின்றது. கூடங்கள் மறைந்தன. ஏற்காடு செல்வோர் கண்ணுக்குப் பழைய முகப்பு வளைவு ஒன்றே இன்று தென்படுகின்றது. இவ்விடத்தே நாம் சிந்திக்க வேண்டுவது உண்டு. ஓரி போரில் வீழ்ந்தபோது கொல்லிப் பாணர்க்குப் புகலிடம் போயிற்று. ஒருவர் உயிரோடு கட்டுண்ட ஆதரவு அவர் உயிரோடு ஒழியும். அமெரிக்க நாட்டுச் செல்வராகிய சைமன் குகன்ஹைம் என்பார், இளமையில் இறந்த தம் மைந்தன் நினைவாக 1925 இல் ஓர் அறநிலையை ஏற்படுத்தினார். கலைஞர்க்கும் அறிஞர்க்கும் பொருளுதவி செய்யும் அந்நிலை, நிறுவியவர் மறைந்து பல்லாண்டு கழிந்தும் இன்றுவரை நடைபெறுகின்றது. சுந்தரம் அவர்கள் காட்டிய பரிவும், இவ்வறநிலையின் நிலைபேறும் ஒருங்கு சேர்தல் வேண்டும்.

ஆகலின் நம் சங்கத்து அன்பர்கட்கு யாம் பணிவோடு விண்ணப்பிப்பது இது. கல்வி உதவிக்கென நாம் ஒதுக்கும் பொருளில் ஒரு சிறு கூறு, இசையோ ஓவியமோ சிற்பமோ கூத்தோ பயின்று தேறிய இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும், தேறிய பின்னை இரண்டாண்டு மாதந்தோறும் சென்று சேருமாறு வகை செய்தல் நன்று. தொகை சிறிதாயினும் குறித்த நாளில் தவறாது சேர்தலே பெரிது. முதலைத் தொடாது வட்டியால் நடத்தின் அது நம் மக்கள் காலத்தும் நிற்கும். அவ்வாறு தாங்கப்பெற்றோர் பின்னாளில் வேறோர் இளைஞரை அழைத்து வருவர். ஆற்றுப்படையும் நம்மிடையே தழைக்கும். வீட்டிற் பாடும் பிள்ளையை உடைய ஒவ்வொரு பெற்றோரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக. கலை வாழ்க! கலைஞரைத் தாங்குவோர் குடி வாழ்க!