துவையல் தவசு



1809-இல் பூவண்டன்தோப்பில், இன்றைய சாமிதோப்பில், பொன்னு நாடார் வெயிலாள் தம்பதியருக்குப் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர். எளியவர் வீட்டில் இப்படியொரு பெயரா என்று உயர்சாதியார் எதிர்க்கவே, முத்துக்குட்டி என மாற்ற வேண்டியதாயிற்று. அக்குலத்து ஆண்கள் தலையில் முண்டாசு கட்டவும் உரிமையில்லாத காலம் அது.

கொல்லம் 1008 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் வந்த அய்யா, ஆறாண்டு தவமிருந்தார். சிங்காரத்தோப்புச் சிறையும் பட்டார்.

சிறை மீண்டபின் சுமார் 700 குடும்பத்தாரை வாகைப்பதிக்கு அனுப்பினார். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் கடற்கரையில் தங்கினார்கள். உப்புக்காற்றில் நாள்தோறும் கடலில் குளித்து, உடுத்த துணியைத் துவைத்து உடுத்தினார்கள். அரிசியும் சிறுபயறும் பொங்கி ஒருவேளை மட்டுமே உண்டார்கள். மீன், இறைச்சி கிடையாது. ஒருநாள் விரதத்துக்கே சலிப்பவர் இன்று உண்டு. அவர்களோ மாதக்கணக்கில் இருந்தார்கள். உடல் சுத்தமானது, நாக்கு அடங்கியது, அஞ்சி ஒதுங்கிய மனம் நிமிர்ந்தது. துவையல் பண்டாரங்கள் என்ற பெயரோடு, ஊர்தோறும் அய்யாவின் வழியைச் சொல்லப் புறப்பட்டவர்கள் இவர்கள்தாம்.

ஆண்கள் தலைப்பாகை கட்டியே வணங்க வேண்டும் என்று அய்யா வைத்தார். 1026 வைகாசி 21-இல் வைகுண்டம் எழுந்தருளினார். இன்றும் பதிகளில் தலைப்பாகையோடுதான் கண்ணாடிமுன் நிற்கிறார்கள்.