சாமானியரை வரையச் சொன்ன குதிரைப்படைத் தளபதி

வெள்ளைக்கார இராணுவ அதிகாரி என்றதும் ஊவாவில் வாழும் நமக்கு 1818 ஆம் ஆண்டுதான் ஞாபகத்துக்கு வரும். கிராமங்களும் வயல்களும் தீக்கிரையாக்கப்பட்ட காலம் அது. வெலிமடையில் அந்தப் பாடத்தைக் கற்பிக்கும்போதெல்லாம், அதே காலத்தில் வட இந்தியாவில் வாழ்ந்த இன்னோர் அதிகாரியையும் என் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவேன். அவர் ஜேம்ஸ் ஸ்கின்னர்.

1778 இல் பிறந்த அவருடைய தந்தை, கிழக்கிந்தியக் கம்பனிப் படையில் இருந்த ஸ்கொட்லாந்துக்காரர். தாய் ராஜபுத்திரப் பெண். கலப்பினத்தவர் என்பதால் தந்தையின் படையில் அதிகாரியாகும் வாய்ப்பு மகனுக்கு இருக்கவில்லை. கல்கத்தாவில் ஓர் அச்சகத்தில் தொழில் பழக விட்டார்கள். சில நாட்களிலேயே அங்கிருந்து ஓடி, மராட்டிய மன்னர் சிந்தியாவின் படையில் சேர்ந்தார். 1803 இல் ஆங்கிலேயருடன் யுத்தம் மூண்டபோது, பிரித்தானிய இரத்தம் உள்ளவர் என்று அங்கிருந்தும் விலக்கப்பட்டார். இரு பக்கமும் அந்நியரான அவர், பின்னர் கம்பனியின் கீழ் ஒரு குதிரைப்படையைத் திரட்டினார். மஞ்சள் உடை அணிந்த அந்தப் படை இன்றும் இந்திய இராணுவத்தில் அவருடைய பெயரோடு இருக்கிறது. மக்கள் அவரைச் சிக்கந்தர் சாஹிப் என்று அழைத்தார்கள்.

போரைவிட அவருடைய நூல்களே என்னைக் கவர்ந்தவை. கிறிஸ்தவரான அவர் அவற்றைப் பாரசீக மொழியில் எழுதினார். 1825 இல் முடிந்த தஷ்ரீஹுல் அக்வாம், மக்களின் சாதிகளையும் தொழில்களையும் விவரிப்பது. அதற்காக டில்லி ஓவியர்களைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை வரைவித்தார். பக்கீர், யோகி, பாம்பாட்டி எனச் சாதாரண மனிதர்கள் அவற்றில் தெரிகிறார்கள். முகலாய அரசவைக்கு வரைந்த குலாம் அலி கான், 1827 இல் ஸ்கின்னரின் படைத் தர்பாரைத் தீட்டினார். சிப்பாய்களின் முகங்களும் அதில் தனித்தனியாகத் துலங்குகின்றன. பேரரசு தேய்ந்துகொண்டிருந்த வேளையில், ஓவியர்களின் கைத்தொழில் பிழைக்க இத்தகைய ஆதரவும் உதவியது.

போர்க்களத்தில் காயப்பட்டுக் கிடந்தபோது செய்த நேர்த்திக்கடனாக, டில்லியில் புனித ஜேம்ஸ் தேவாலயத்தைக் கட்டினார். 1836 இல் அது திறக்கப்பட்டது. 1841 டிசெம்பரில் ஹான்சியில் இறந்த அவர் அந்தத் தேவாலயத்தில்தான் அடக்கப்பட்டிருக்கிறார்.

ஸ்கின்னரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவருடைய வாள் ஓர் அந்நிய ஆட்சியை விரிவாக்கவே உதவியது. ஆனாலும் அவர் பதிவுசெய்ததால், சாமானிய மனிதர்களின் முகங்களை இன்று நாம் காண்கிறோம். நமது மலைநாட்டு முஸ்லிம்களுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. தவளம் ஓட்டி உப்பும் துணியும் கொண்டுவந்த நம் முன்னோருக்கு ஒரு படமும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. இந்த மண்ணில் நமது வேர் எங்கே என்று கேட்கப்படும் காலத்தில் இது சிறிய இழப்பல்ல. நமக்காக ஒரு தளபதி வரமாட்டார். உம்மம்மாமார் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் சொல்வதை நமது பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கட்டும்.