ரட்ஜ் பைக்கைப் பிரித்துப் போட்ட சர்வர் பையன்... ஜி.டி.நாயுடுவின் ‘அளவு’ கதை!

திருவண்ணாமலை போளூர் சாலைப் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட். தரையில் விரித்த சாக்கின் மேல் ஒரு அம்பாஸடரின் இன்ஜின் பாகம் பாகமாகக் கிடக்கிறது. பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். கிரிவலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்கினால் ரெண்டு மாச வாடகை பாக்கியை அடைத்துவிடலாம் என்பது ஓனரின் கணக்கு. ஆனா, புதுசா வாங்கிட்டு வந்த பிஸ்டனை சிலிண்டருக்குள் விட்டால் லொடலொடன்னு ஆடுது.

பெட்டியில் சரியாகத்தான் எழுதியிருக்கு. கடைக்காரர் மேலயும் தப்பு இல்லை. இந்த இன்ஜினின் பழைய கதை யாருக்கும் தெரியவில்லை, அதுதான் சிக்கல். எப்போதோ யாரோ இதை ரீ-போர் செய்திருக்கிறார்கள். அதாவது, தேய்ந்துபோன சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்துவிட்டால் பிஸ்டனும் பெரிய சைஸ்தான் போடணும். ஷெட்களில் 20, 40, 60 என்று சொல்வது இதைத்தான். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் அதில் 20 பங்கு, 40 பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் மூன்று பங்கு வரும். யோசித்துப் பாருங்க, எவ்வளவு சின்ன விஷயத்தில் ஒரு கார் நின்றுபோகிறது!

கிராங்க் ஷாஃப்ட்டில் இதே கதை தலைகீழ். அதைக் கிரைண்டிங் செய்தால் அது சிறுத்துவிடும். பேரிங் தடிமனானதைப் போடணும். தெரியாமல் பழைய அளவையே போட்டால் இடைவெளியில் ஆயில் வழிந்துபோய், பிரஷர் இறங்கி, கொஞ்ச நாளில் இன்ஜின் தட்ட ஆரம்பித்துவிடும்.

ஷெட் வைத்திருக்கும் அண்ணன் பதறவே இல்லை. பிஸ்டனைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்தார். கூடவே அவருடைய குருநாதரைப் பற்றிச் சொன்னார். அந்தக் குருநாதர் கோவைப் பக்கம் பஸ் ஷெட்டில் தொழில் படித்தவராம். எந்த இன்ஜினைப் பிரித்தாலும் முதலில் ஜி.டி.நாயுடு பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாராம்.

ஜி.டி.நாயுடுன்னா நம்மில் பலருக்கு வாட்ஸ்அப் ஃபார்வேர்டில் வரும் ‘இந்தியாவின் எடிசன்’ என்ற பட்டம்தான் நினைவுக்கு வரும். இப்போ கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். எனக்கு அந்தப் பட்டத்தில் பெரிய ஈர்ப்பு இல்லை. அவர் கண்டுபிடித்த பொருள்களைவிட, அவர் பிரித்துப் பார்த்த முதல் பொருள்தான் எனக்குப் பிடித்த கதை.

ஹோட்டலில் சர்வர், மனசெல்லாம் மோட்டார்

1893 மார்ச் 23-ம் தேதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆரம்ப வகுப்புகளோடு படிப்புக்கு முழுக்குப் போட்டார்.

ஒருநாள் லங்காஷயர் என்ற பிரிட்டிஷ் வருவாய்த்துறை அதிகாரி, ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதைப் பார்த்த பையனுக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. அதே மாதிரி வண்டியை வாங்கியே தீருவது என்று கோவைக்குக் கிளம்பினார். ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை. இலை எடுத்து, காபி கொடுத்து, மூன்று வருடம் போலக் காசு சேர்த்தார். முந்நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த அதிகாரியிடம் போய், 1912 மாடல் ரட்ஜை விலைக்கு வாங்கிவிட்டார்.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஊருக்குள் நாலு ரவுண்டு அடிப்போம். ஸ்டேட்டஸ் போடுவோம். அவர் வண்டியைக் கொண்டுவந்து அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார். கழற்றிய அத்தனையையும் திரும்பப் பூட்டினார். வண்டி ஓடியது. அவருக்குக் கிடைத்த ஒரே இன்ஜினீயரிங் படிப்பு அதுதான்.

கழற்றுவது யாராலும் முடியும். பூட்டுவதில்தான் விஷயம் இருக்கு. இன்ஜினுக்குள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பல பாகங்கள் உண்மையில் ஒன்றல்ல. கார் இன்ஜினின் கனெக்டிங் ராடை எடுத்துக்கொள்ளுங்க. அதன் கீழ்ப்பாதியில் ஒரு மூடி இருக்கும். ராடையும் மூடியையும் ஜோடியாகச் சேர்த்து வைத்துத்தான் துளையைக் கடைந்திருப்பார்கள். ஒன்றாம் நம்பர் ராடின் மூடியை மூன்றாம் நம்பரில் போட்டால் பார்வைக்கு உட்கார்ந்துவிடும், போல்ட்டும் ஏறிவிடும். ஆனால், துளை சுத்த வட்டமாக இருக்காது. இன்ஜின் சூடாகும்போது பேரிங் கடித்துப் பிடித்துவிடும். அதனால்தான் நல்ல மெக்கானிக் கழற்றும்போதே ஒவ்வொரு ஜோடியிலும் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்திவிடுவார். கழற்றும்போது போடாத அடையாளத்தைப் பூட்டும்போது போட முடியாது.

ஒரு பஸ், தலைக்கு மேல் கடன்

வண்டி ரிப்பேரில் கை பழகியது. அடுத்து திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழில். முதல் உலகப் போர் சமயத்தில் நல்ல காசு. சம்பாதித்ததைக் கொண்டுபோய் பம்பாயில் பருத்தி வியாபாரத்தில் போட்டு மொத்தமும் இழந்தார். இந்தப் பகுதியை அவர் ரசிகர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கை வெறுங்கையாகத் திரும்பிய ஆள்தான் அடுத்து பஸ் ஓட்ட வந்தார் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கு.

கோவைத் தொழிலதிபர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸிடம் அவருக்குப் பழக்கம் இருந்தது. ஒரு பஸ்ஸின் விலை சுமார் 8,000 ரூபாய். அதில் பாதியை ஸ்டேன்ஸ் கடனாகக் கொடுத்தார். மீதியை நாயுடு புரட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே பஸ் ஓட ஆரம்பித்தது. டிரைவர் வேறு யாரும் இல்லை, அவரேதான்.

இப்போ அந்த நிலையில் உங்களை வைத்துப் பாருங்க. ஒரே ஒரு வண்டி. அது நின்றால் அன்றைக்கு வருமானம் பூஜ்யம், கடன் மட்டும் ஓடும். உதிரி பாகம் வேணும்னா ஆன்லைனில் ஆர்டர் போட முடியாது. கப்பலில்தான் வரணும். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைப் பூட்ட ஆரம்பித்ததே 1928-ல்தான். கப்பல் வரும்வரை காத்திருப்பவர் பஸ் முதலாளியாக இருக்க முடியாது. லேத்தில் கடைந்து தானே செய்துகொள்ளத் தெரிந்தவர்தான் தாக்குப்பிடிப்பார்.

வந்த பாகமும் பொருந்தும் என்று உத்தரவாதம் கிடையாது. அந்தக் காலத்துச் சாலைகளில் அமெரிக்க வண்டியும் ஓடியது, பிரிட்டிஷ் வண்டியும் ஓடியது. ரெண்டு நாட்டுக்கும் போல்ட்டின் மரையே வேற. ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரையில் 60 டிகிரி. அரை அங்குல போல்ட்டை எடுத்தால் விட்வொர்த்தில் ஓர் அங்குலத்துக்கு 12 சுற்று, அமெரிக்கனில் 13. ஒன்றின் நட்டை இன்னொன்றில் வைத்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாக ஏறும். அப்புறம் இறுகும். ஸ்பேனரில் பலம் காட்டினால் மரை போச்சு. மரை கழண்ட கேஸுன்னு நாம் ஆளைக் கிண்டல் செய்வோமே, அந்த வார்த்தை ஷெட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கணும்.

இந்தத் தலைவலி உலகத்துக்கே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டும், ஒருவர் நட்டு இன்னொருவர் போல்ட்டில் ஏறாமல் அவஸ்தைப்பட்டார்கள். கடைசியில் 1948 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் கையெழுத்துப் போட்டு ஒரே மரைக்கு வந்தன. அதற்கு 28 வருஷம் முன்பே பொள்ளாச்சி சாலையில் பஸ் ஓட்டத் தொடங்கியவர் நாயுடு.

ஒரு பஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற யு.எம்.எஸ் ஆனது. 1933-ல் கம்பெனியிடம் இருந்த பஸ்கள் 280. இத்தனை வண்டியைச் சாலையில் வைத்திருக்க டிரைவர்கள் மட்டும் போதாது. எந்த இன்ஜினில் எந்த சைஸ் போட்டிருக்கு, எந்த ஷாஃப்ட் எத்தனை முறை கடைந்தது என்ற கணக்கு கையில் இருக்கணும். போளூர் சாலை அம்பாஸடருக்கு இல்லாமல்போனது இந்தக் கணக்குதான்.

மோட்டார், ரேஸர், ரேடியோ

அதற்கப்புறம் அவர் தொட்டதெல்லாம் பெரிய பட்டியல். உலர் பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த ரேஸர் ‘ரசாந்த்’, ஜெர்மனியின் ஹைல்பிரானில் தயாரானது. 1937-ல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து இந்தியாவிலேயே செய்த மின் மோட்டார் வெளிவந்தது. இதன் மூளை டி.பாலசுந்தரம் நாயுடு. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஜி.டி.நாயுடு பெயரைச் சொல்லும்போது இவரை விட்டுவிடுவது நியாயமில்லை. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார் நாயுடு.

1945-ல் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் கல்லூரியும் வந்தன. அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று ஊர் சொன்ன மனிதர் அதற்கு முதல்வர்! நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டு வெளியே வந்தார். ரெண்டு வருஷத்தில் எல்லாம் வந்துவிடுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு வண்டியைக்கூடக் கழற்றிப் பூட்டாமல் ஆட்டோமொபைல் டிகிரி வாங்கும் நண்பர்களைப் பார்க்கும்போது, அவர் கோபம் புரியவும் செய்யுது.

ரெண்டாயிரம் ரூபாய் கார்

மனசு கனக்கும் இடம் 1952. ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரைச் செய்துகாட்டினார் நாயுடு. விலை 2,000 ரூபாய். முந்நூறு ரூபாய்க்கு வெள்ளைக்காரரின் பழைய பைக்கை வாங்கிப் பிரித்தவர், நாற்பது வருஷம் கழித்து இன்ஜின் முதல் பாடி வரை தன் கணக்கில் ஒரு வண்டியை நிறுத்திவிட்டார்.

கார் ஓடியது. லைசென்ஸ்தான் கிடைக்கவில்லை. 1951-ன் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருந்த நேரம். பெரிய தொழிற்சாலைக்கு டெல்லியின் அனுமதி வேணும். அரசு மறுத்தது, தயாரிப்பு நின்றது. அந்தக் காரை வாங்கியிருக்கக்கூடிய வாத்தியார்களும் சின்ன வியாபாரிகளும் அடுத்த முப்பது வருஷத்துக்கு அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் வரிசையில் நின்றார்கள். அரசிடம் இரும்பும் அந்நியச் செலாவணியும் குறைவு, யாருக்குக் கொடுப்பது என்ற கவலை நியாயம்தான். அதற்காக ஓடுகிற ஒரு வண்டியை ஷெட்டுக்குள்ளேயே நிறுத்திவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் அவர் காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் இருக்கும் தொழிற்கண்காட்சியையும், அதே வளாகத்தில் 2015-ல் திறந்த ஜீ.டீ கார் மியூசியத்தையும் இன்றும் பார்க்கலாம். போனால் காரோடு செல்ஃபி எடுத்துவிட்டு ஓடாதீங்க. பானெட் திறந்திருந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்க.

போளூர் சாலை ஷெட்டில், அண்ணன் நாலு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். மூன்று சிலிண்டர் 20 சைஸுக்குச் சரி. நாலாவது மட்டும் கோணலாகத் தேய்ந்திருந்தது. நாலையும் 40-க்குக் கடைவது என்று முடிவானது. பிளாக் போர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது, பிஸ்டன் செட் சென்னையிலிருந்து பார்சலில் வந்தது. இன்ஜின் ஸ்டார்ட் ஆனபோது பௌர்ணமிக்கு இரண்டு நாள் பாக்கி. அந்தக் காலண்டர் தாளை மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆர்.சி புத்தகத்தோடு வைத்துக்கொள்ளும்படி ஓனரிடம் கொடுத்தார் அண்ணன்.