ஐஸ் ஹவுஸில் உருவான டீச்சர்கள்: யார் இந்த சகோதரி சுப்புலட்சுமி?

மெரினா பக்கம் போனால் விவேகானந்தர் இல்லம் கண்ணில் படாமல் இருக்காது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைத்த பழைய ஐஸ் ஹவுஸ்தான் அது. சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் அங்கே இளம் விதவைகளுக்கான விடுதி நடந்தது. நடத்தியவர் ஆர்.எஸ்.சுப்புலட்சுமி.

1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம். கொஞ்ச காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். அன்றைய பிராமணக் குடும்பங்களில் அடுத்து நடப்பது தெரிந்ததுதான்: தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பார்கள். அப்பா சுப்பிரமணிய ஐயர் அதைச் செய்யாமல் மகளைப் படிக்க வைத்தார். 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் இவர்தான் என்கிறார்கள்.

சரி, டிகிரி வாங்கியாச்சு. அப்புறம்?

அப்போது பெண்கள் பள்ளிகளில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஆண் வாத்தியார் என்றால் பல வீடுகளில் மகளை அனுப்ப மாட்டார்கள். பெண் டீச்சர் வைக்கலாம் என்றால், படித்த பெண்கள் கிடைக்க மாட்டார்கள். பெண்கள் படிக்க வேண்டுமென்றால் பள்ளிக்கு வர வேண்டுமே? சுத்திச் சுத்தி அதே இடம்தான்.

இளம் விதவைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் இந்த முடிச்சு அவிழும் என்று சுப்புலட்சுமி நினைத்தார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்சுக்கும் அதே யோசனை. எழும்பூர் வீட்டில் நான்கு பெண்களோடு விடுதி தொடங்கியது. கூடவே நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டவர் சித்தி வாலாம்பாள். அவரும் விதவைதான். எண்ணிக்கை கூடியதும் விடுதி ஐஸ் ஹவுஸுக்கு மாறியது.

1922-ல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. சுப்புலட்சுமிதான் முதல்வர். நமக்கு டீச்சர் ட்ரெயினிங் என்றால் ஒரு கோர்ஸ், அவ்வளவுதான். அந்தப் பெண்களுக்கு அந்தச் சான்றிதழ்தான் சம்பளம். அண்ணன் வீட்டில் யாருக்கும் பயந்து சாப்பிட வேண்டியதில்லை.

ஒரு விமர்சனத்தையும் சொல்லியாக வேண்டும். விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். மற்றவர்களைச் சேர்த்தால் ஆசாரமான குடும்பங்கள் பெண்களை அனுப்பாது என்பது அன்றைய வாதம். அரசுப் பணத்தில் நடந்த இடத்துக்கு அது சரியான பதிலாக எனக்குத் தோன்றவில்லை.

1958-ல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பரில் காலமானார். அதற்கு முன், 1954-ல், 70 வயதை நெருங்கும்போதும் சும்மா இருக்கவில்லை. தாம்பரம் பக்கத்து மாடம்பாக்கத்தில் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு மையம் தொடங்கினார்.