மேகம் மறைத்த வெள்ளி

ரெட்டியார்பாளையத்துல ஏதாவது ஒரு மொட்டை மாடிக்கு எட்டு அங்குல, பத்து அங்குல டெலஸ்கோப்பைத் தூக்கிட்டுப் போய் நண்பர்களோட வானம் பார்த்திருக்கீங்களா? பார்த்திருந்தா உங்களுக்கே தெரியும். எல்லாத்தையும் செட் பண்ணி முடிக்கிற நேரம் பார்த்து மேகம் வந்து மூடிக்கும். சரி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு இறங்கிடுவோம். ஆனா அடுத்த வாய்ப்பு 105 வருஷம் கழிச்சுத்தான்னா என்ன பண்ணுவீங்க? நம்ம புதுச்சேரியில அப்படி மாட்டிக்கிட்டவர்தான் கியோம் லெ ஜாந்தி.

1725-ல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள குத்தான்ஸ் ஊரில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வகத்தில் வேலை. ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும் எம்32 என்ற குட்டி கேலக்ஸியை 1749-ல் முதலில் கண்டவர் இவர்தான். அப்போ வயசு 24. ஏறக்குறைய நம்ம வயசு!

அந்தக் காலத்து வானியலின் பெரிய கேள்வி, சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. கெப்ளர் விதிகளை வைத்துக் கோள்களின் தூரங்களை விகிதமாகச் சொல்ல முடிந்தது. சரியான அளவு கிடைக்கவில்லை. எட்மண்ட் ஹாலி ஒரு வழி சொல்லியிருந்தார். வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடக்கும்போது, பூமியில் ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் இருந்து அது கடக்கும் நேரத்தை அளந்தால், அந்த வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். பிரச்சினை என்னன்னா, வெள்ளிக் கடப்பு எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை வரும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் வராது. 1761, 1769-ஐ விட்டால் 1874-தான்.

1761 கடப்பைப் பாண்டிச்சேரியில் இருந்து பார்க்க, 1760 மார்ச் 26 அன்று லெ ஜாந்தி பிரான்சில் இருந்து கப்பல் ஏறினார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். மொரீஷியஸ் வந்து, அங்கிருந்து வேறு கப்பல் பிடித்து மாஹே பக்கம் வந்தபோதுதான் செய்தி கிடைத்தது: பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில். கப்பல் திரும்பிவிட்டது. ஜூன் 6, நடுக்கடல், தெளிவான வானம். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் கண்ணாரப் பார்த்தார். ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. ரீடிங் இருந்தும் பயனில்லை.

மனுஷன் ஊருக்குத் திரும்பவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து அடுத்ததைப் பார்த்துடலாம்னு முடிவு பண்ணினார். அதுவரை மடகாஸ்கர் கரையை வரைபடமாக்கினார். பிறகு மணிலா போனார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் இவரைச் சந்தேகப்பட்டார். அதற்குள் பாண்டிச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்ததால், 1768 மார்ச்சில் இங்கே வந்து இறங்கினார். இடிந்து கிடந்த கோட்டையின் மேல் அவருக்கு ஒரு வானாய்வகம் கட்டிக் கொடுத்தார்கள். மதராஸில் இருந்த ஆங்கிலேயர்கூட ஒரு தொலைநோக்கி கொடுத்து உதவினார்கள்.

காத்திருந்த காலத்தில் அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உள்ளூர்த் தமிழர்களிடம் உட்கார்ந்து பஞ்சாங்கக் கணிதம் கற்றுக்கொண்டார். சோழிகளைத் தரையில் நகர்த்தி, மனப்பாடமான வாய்பாடுகளை வைத்தே கிரகணத்தைக் கணிக்கும் முறை அது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில், தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகக் காட்டியது. ஐரோப்பாவில் பேர் பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 விநாடி அதிகமாகக் காட்டியது. யோசிச்சுப் பாருங்க, சோழி ஜெயிச்சிருக்கு! அதை மறைக்காமல் பதிவு செய்தார் என்பதுதான் பெரிய விஷயம்.

1769 ஜூன் 4 வந்தது. அதற்கு முந்தைய மாதம் முழுக்க நல்ல வானம். முந்தின நாள் ராத்திரிகூட ஆளுநரோடு சேர்ந்து வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்தார். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் எங்கும் மேகம். காற்று அடித்தது, மேகம் கலையவில்லை. ஏழு மணி வாக்கில் கடப்பு முடிந்தது. அப்புறம் சூரியன் வந்து நாள் முழுக்கக் காய்ந்தது. இதில் கொடுமை, விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவு. இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் பேனாவைத் தொடவே முடியவில்லை.

நோயோடும் புயலோடும் போராடி, 11 வருஷம் 6 மாசம் 13 நாள் கழித்து 1771 அக்டோபரில் பிரான்ஸ் மண்ணை மிதித்தார். அங்கே அவர் செத்துப்போனதாக முடிவு கட்டி, சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள். அறிவியல் அகாடமியிலும் அவர் இடம் போயிருந்தது. வழக்கு, அலைச்சல். பிறகு அகாடமியில் மறுபடி இடம் கிடைத்தது. கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள். 1779, 1781-ல் தன் பயணத்தை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். நம்ம ஊர்க் கணித முறை அதில்தான் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1792-ல் காலமானார்.

சூரியனின் தூரம்? தாஹிதித் தீவில் கேப்டன் குக் குழு உட்பட, பல நாடுகளில் அளந்தவர்களின் கணக்கைச் சேர்த்து, சுமார் 15.3 கோடி கிலோமீட்டர் என்று வந்தது. இன்றைய மதிப்பு 14.96 கோடி. லெ ஜாந்தியின் ரீடிங் இல்லாமலே விடை கிடைத்துவிட்டது. ஆனா காத்திருந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை; அளக்க வந்த எண் கிடைக்காதபோதும், கிடைத்ததை எல்லாம் எழுதி வைத்தார். அந்த நோட்டுதான் இன்றைக்கும் பேசப்படுகிறது.

மழைக்காலம் முடிந்து, டிசம்பர் கடைசியில் முன்னிரவில் டெலஸ்கோப்பை வடமேற்குப் பக்கம் ஆண்ட்ரோமெடாவுக்குத் திருப்புங்க. பெரிய மங்கலான ஒளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி மாதிரி தெரிவதுதான் எம்32. மேகம் வந்தால் கொஞ்சம் காத்திருங்க. அது நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.